57 சதவீதம் 50 ஆன கதை: 2011 என்.பி.ஏ. கதவடைப்பில் நிறமும் அதிகாரமும்

எதைப் பற்றிய ஆய்வு

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2011 ஜூலை 1 அன்று, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனதும், தன் வீரர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தது: வருமானத்தில் வீரர்களுக்கான 57 சதவீதப் பங்கைக் குறைக்கும் புதிய ஒப்பந்தம் வரும்வரை ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. டிசம்பர் 8 வரை, 161 நாள் அது நீடித்தது. அணிக்கு 82 ஆட்டம் என்றிருந்த பருவம் 66 ஆட்டமாகச் சுருங்கியது. வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 30 அணிகளில் கறுப்பினத்தவர் ஒருவரின் பெரும்பான்மை உரிமையில் இருந்தது ஒன்றே ஒன்று, சார்லட். இப்படியொரு விகிதம் இருக்கையில் இனவாதக் குற்றச்சாட்டு எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது எழுந்தது. எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை, பொருந்திய இடங்களைப் பேரம் ஏன் கடைசிவரை தொடவில்லை என்பதைக் கால வரிசையில் பார்க்கிறோம்.

சம்பந்தப்பட்டவர்கள் பொதுவெளியில் அறியப்பட்டவர்கள்தான். ஆனாலும் 2011 தகராறில் வருபவர்களைப் பதவியால் மட்டுமே குறிக்கிறோம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பேச்சு திரும்பினால் விதிகள் கண்ணில் படாமல் போய்விடும்.

பின்னணி: 1964 முதல் 2005 வரை

இந்த வீரர்களுக்குப் பேரம் புதிதல்ல. 1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம் தொலைக்காட்சியில் தொடங்க இருந்த நேரத்தில், ஓய்வூதியம் பற்றி உறுதி தராவிட்டால் ஆடமாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓர் அணியின் முதலாளி தன் வீரர்களுக்கு மிரட்டல் அனுப்பினார். அது அவர்களை இன்னும் கெட்டிப்படுத்தியது. உறுதி கிடைத்தது, ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வீரர் சங்கத் தலைவரான ஆஸ்கர் ராபர்ட்சன் கறுப்பினத்தவர். 1970-ல் அவர் பெயரில் தொடுக்கப்பட்ட ஏகபோகத் தடுப்பு வழக்கு 1976-ல் சமரசமானது. ஒரு வீரரை அணி ஆயுசுக்கும் கட்டிவைக்கும் பழைய ஏற்பாடு அதோடு தளரத் தொடங்கியது.

1983 ஒப்பந்தம் இரண்டு விஷயங்களை நிலைநாட்டியது. வருமானத்தில் 53 சதவீதம் வீரர்களுக்கு உறுதி; பதிலுக்கு அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு. அதற்குப் பின் வந்த எல்லாச் சண்டையும் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே நடந்தது. 1995-ல் சில நட்சத்திர வீரர்கள் சங்கத்தையே கலைத்துவிட்டு வழக்குக்குப் போக முயன்றார்கள். வாக்கெடுப்பில் 226-க்கு 134 என்று சங்கம் நிலைத்தது. 1998-99 கதவடைப்பு 204 நாள்; அந்தப் பருவம் 50 ஆட்டத்தோடு முடிந்தது. தனி வீரரின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது அதில்தான்.

2005 இந்த ஆய்வுக்கு முக்கியமான ஆண்டு. முந்தைய நவம்பரில் டெட்ராய்ட் புறநகர் அரங்கில் வீரர்களும் பார்வையாளர்களும் அடித்துக்கொண்ட காட்சி நாடெங்கும் ஓடியிருந்தது. லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் நீண்ட தடைகளை விதித்தார். ஒரு வீரரின் 25 ஆட்டத் தடையை நடுவர் தீர்ப்பாளர் 15 ஆகக் குறைத்ததே அந்தத் தண்டனைகளின் அளவைக் காட்டும். அடுத்து வந்த ஒப்பந்தம் குறைந்தபட்ச வயதை 19 ஆக்கியது. பள்ளி முடித்து ஒரு பருவமாவது கழிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. பேஸ்பாலிலும் ஐஸ் ஹாக்கியிலும் 18 வயதுப் பையன் தொழில்முறைக்கு வரலாம். கறுப்பின இளைஞர்கள் நிறைந்த ஆட்டத்தில் மட்டும் அவன் ஓராண்டு சம்பளமில்லாமல் கல்லூரியில் ஆட வேண்டுமா என்று வீரர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள். அக்டோபரில் உடை விதி வந்தது: அணிப் பணிக்கு வரும்போது கைகளற்ற சட்டை, தலைத்துணி, சட்டைக்கு மேல் தொங்கும் சங்கிலி, உள்ளரங்கில் கறுப்புக் கண்ணாடி எதுவும் கூடாது. ஹிப்-ஹாப் உடையைப் பெயர் சொல்லாமல் விலக்கிய பட்டியல் அது.

முதலாளிகள் பக்கம் என்ன நிலவரம்? லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் உரிமையாளர், தன் குடியிருப்புகளில் கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானியருக்கும் வாடகைக்கு வீடு தருவதில் பாகுபாடு காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கை 2009-ல் 27.25 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார். லீக் அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. சங்கிலிக்கு விதி இருந்தது, இதற்கு இல்லை. 2011-ல் கதவடைத்த முதலாளிகளில் அவரும் ஒருவர்.

பணக் கணக்கு எப்படி ஓடியது

2005 ஒப்பந்தப்படி, 'கூடைப்பந்து சார்ந்த வருமானம்' என்று வரையறுக்கப்பட்ட தொகையில் 57 சதவீதம் வீரர்களுக்கு. 2010-11-ல் அந்த வருமானம் 381.7 கோடி டாலர். அதில் 57 சதவீதம் ஏறத்தாழ 217.6 கோடி. ஒரு சதவீதப் புள்ளியின் மதிப்பு 3.8 கோடி டாலர். இந்தக் கடைசி எண் இல்லாமல் பேரத்தைப் பின்தொடர முடியாது.

ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலிருந்தும் 8 சதவீதம் பிடித்து ஒரு பொதுக் கணக்கில் வைப்பார்கள். பருவ முடிவில் மொத்தச் சம்பளம் 57 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் தாண்டிய அளவு முதலாளிகளுக்குப் போகும். தாண்டாவிட்டால் வீரர்களுக்குத் திரும்பும். 2010-11-ல் மொத்தச் சம்பளம் 57-ஐ எட்டவே இல்லை. பிடித்த 16 கோடிச் சொச்சமும் வீரர்களுக்குத் திரும்பியதோடு, குறைந்த பங்குக்காக லீக் மேலும் 2.6 கோடி தர வேண்டியிருந்தது. சம்பளம் கைமீறிப் போகிறது என்ற வாதத்துக்கு அந்த ஆண்டின் கணக்கு உதவவில்லை.

முதலாளிகளின் வாதம் வேறு திசையிலிருந்து வந்தது: 30-ல் 22 அணிகள் நட்டம், மொத்தம் 30 கோடி டாலர் என்றார்கள். கடன் வட்டியையும் அணியை வாங்கிய விலையின் தேய்மானத்தையும் நட்டத்தில் சேர்க்கலாமா என்று சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. 2010-ல் கோல்டன் ஸ்டேட் 45 கோடி டாலருக்குக் கைமாறியது, அதுவரை இல்லாத விலை. நட்டத் தொழிலை அந்த விலைக்கு வாங்குபவர், பிறகு விற்கும்போது வரும் லாபத்தை நம்பியே வாங்குகிறார். அந்த லாபத்தில் வீரருக்குப் பங்கு கிடையாது.

கண்டவை: 2010 பிப்ரவரி முதல் 2011 ஜூன் வரை

2010 ஆல்-ஸ்டார் வார இறுதியையொட்டி முதலாளிகள் தந்த முதல் முன்மொழிவு எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டது: மீற முடியாத உச்சவரம்பு, பாதிக்கும் குறைந்த பங்கு, ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தங்களிலும் வெட்டு. சங்கம் நிராகரித்தது. 2011 வசந்தத்தில் வந்த திட்டத்தில் உச்சவரம்பு 4.5 கோடி டாலர். அப்போதைய வரம்பு 5.8 கோடி, அதுவும் பல விலக்குகள் உள்ளது. ஜூனில் 6.2 கோடியை நடுப்புள்ளியாக வைத்த 'நெகிழ்வான' வரம்பும், ஆண்டுக்கு 200 கோடி டாலர் உறுதியும் தருவதாகச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பத்தாண்டுக்கு அதே எண் என்பதால், வருமானம் வளர வளர வீரர் பங்கு சதவீதத்தில் தேயும். சங்கம் 54.3 சதவீதத்துக்கு இறங்கி வந்தது. ஜூன் 30 அன்று பேச்சு முறிந்தது.

கதவடைத்ததும் லீக்கின் இணையதளத்திலிருந்து வீரர்களின் படங்களும் செய்திகளும் நீக்கப்பட்டன. பயிற்சியாளர், மருத்துவர் உட்பட அணி ஊழியர் யாரும் வீரருடன் பேசக் கூடாது. முதலாளிகளும் பொதுவில் பேசக் கூடாது. ட்விட்டரில் கருத்துச் சொன்ன ஓர் உரிமையாளருக்கு 5 லட்சம் டாலர் அபராதம். விளைவாக, ஐந்து மாதம் நாடு பார்த்தது வீரர்களின் முகங்களையும் ஆணையரின் முகத்தையும் மட்டுமே. கோடீஸ்வரர்கள் இருதரப்பும் அடித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சில், உயரமான கறுப்பு இளைஞனின் காரும் கடிகாரமும் தெரிந்தன. முதலாளியின் சொத்துக்கணக்கு எவர் கண்ணிலும் படவில்லை. இனம் வேலை செய்த இடங்களில் இது ஒன்று. யாரும் திட்டமிடத் தேவையில்லாமல், யார் கண்ணுக்குத் தெரிகிறார் என்ற ஏற்பாடே அதைச் செய்து கொடுத்தது.

முதல் முடிவு: காத்திருப்பது

ஜூலையில் சங்கத்தின் முன் இரண்டு வழி இருந்தது. சங்கமாகவே இருந்து பேரம் பேசுவது ஒன்று. சங்கத்தைக் கலைத்துவிட்டு, 30 அணிகளும் கூடிச் சந்தையை அடைக்கின்றன என்று ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுவது இன்னொன்று. சங்கம் உயிரோடு இருக்கும்வரை இரண்டாவது வழி மூடியே இருக்கும். கூட்டுப் பேரம் நடக்கும் இடத்தில் ஏகபோகச் சட்டம் நுழையாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் ஓர் அமெரிக்கக் கால்பந்து வழக்கில் உறுதி செய்திருந்தது.

சங்கத்தின் நிர்வாக இயக்குநர் முதல் வழியைத் தேர்ந்தார். காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவை. நல்லெண்ணமின்றிப் பேரம் பேசுகிறார்கள் என்று மே மாதமே தேசியத் தொழிலுறவு வாரியத்தில் முறையிட்டிருந்தார்கள். சங்கத்தைக் கலைத்தால் அந்த முறையீடு வலுவிழக்கும். ஜூலை 8 அன்று கால்பந்து வீரர்களின் வழக்கில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கதவடைப்பை நிறுத்தும் தடையுத்தரவு தர முடியாது என்றது. வழக்குப் போட்டாலும் கதவு உடனே திறக்காது, பிறகு மும்மடங்கு நட்டஈடு கிடைக்கலாம், அவ்வளவுதான்.

முதலாளிகள் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க் நீதிமன்றத்தில் அவர்களே முந்திக்கொண்டு வழக்குப் போட்டார்கள். சங்கம் கலைந்தால் இருக்கும் ஒப்பந்தங்கள் எல்லாம் செல்லாது என அறிவிக்கும்படியும் அதில் கேட்டார்கள். கலைப்பைப் பற்றி யோசிக்கும் ஒவ்வொரு வீரருக்கும் அது எச்சரிக்கை.

கையிருப்புக் கணக்கும் ஒரே மாதிரி இல்லை. புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4.73 லட்சம் டாலர், சராசரி 50 லட்சத்தை ஒட்டி. திரும்பி வந்த 8 சதவீதப் பிடித்தமே பலருக்கு இலையுதிர்காலச் செலவு. சிலர் துருக்கிக்கும் சீனாவுக்கும் ஆடப் போனார்கள். சீன லீக் பருவத்தின் நடுவில் விடுவிக்காது, எனவே அங்கே போனவர்களுக்குச் சீக்கிரம் திரும்ப வழியில்லை. முதல் சம்பளநாள் நவம்பர் 15. அதுவரை வீரருக்குக் கையில் வலி தெரியாது. அன்றைக்குப் பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெரியும். முதலாளிகளின் நாட்காட்டி அதைச் சுற்றியே போடப்பட்டது.

மேசையில் நடந்தது: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

செப்டம்பர் 30 கூட்டத்தில் ஆணையர் விரல் நீட்டிப் பேசியபோது, மயாமி அணியின் நட்சத்திரம் ஒருவர், நான் உங்கள் பிள்ளையல்ல, என்னை நோக்கி விரல் நீட்டாதீர்கள் என்று பதில் சொன்னதாகச் செய்தி வந்தது. கறுப்பின ஆண்களைச் சிறுவர்களாக நடத்துவது அமெரிக்காவில் நீண்ட வரலாறுள்ள அவமதிப்பு. அறையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இதற்கு மேல் அந்த நிகழ்வைப் பெரிதாக்குவதில் பயனில்லை. எண்கள் அதனால் ஒரு புள்ளிகூட நகரவில்லை.

அக்டோபர் 4 அன்று 50-50 என்ற பேச்சு முதலில் வந்தது. வீரர்கள் 53-ல் நின்றார்கள். 10-ம் தேதி பருவத்தின் முதல் இரண்டு வாரம் ரத்து. கூட்டரசின் சமரச அதிகாரி வந்தும் 20-ம் தேதி பேச்சு முறிந்தது: ஒருபுறம் 50, மறுபுறம் 52.5. இடைவெளி 2.5 புள்ளி, ஆண்டுக்கு 9.5 கோடி டாலர். 28-ம் தேதி நவம்பர் முழுதும் ரத்தானது.

இதற்கு நடுவில் அக்டோபர் 18 அன்று, கறுப்பினத்தவரான மூத்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர், ஆணையர் நவீனகாலத் தோட்டக் கங்காணியைப் போல, அதாவது அடிமைகளை வேலைவாங்கிய மேற்பார்வையாளரைப் போல, நடந்துகொள்கிறார் என்று சொன்னார். மூன்று வாரம் கழித்து, வீரர்களுக்காக வாதாடும் வெளி வழக்கறிஞர், இவர் வெள்ளையர், வீரர்களைத் தோட்டக் கூலிகளைப் போல நடத்துகிறார்கள் என்று செய்தித்தாளிடம் சொன்னார். ஆணையர் விதித்த கடைசிக் கெடு நவம்பர் 9 மாலை 5 மணி. வழக்கறிஞரின் பேச்சு அச்சில் வந்தது அதற்கு முந்தைய நாள். அடுத்த நாளே அவர் வருத்தம் தெரிவித்தார். கெடுவின் நியாயத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய நாளில், கோடிகளில் சம்பாதிப்பவரை அடிமையோடு ஒப்பிடலாமா என்ற விவாதம் நடந்தது.

குற்றச்சாட்டு முழுப் பொய்யல்ல. ஒரு வீரர் எந்த ஊரில் வேலை செய்வது, என்ன உடுத்துவது, எந்த வயதில் தொடங்குவது என்பவற்றை வேறொருவர் முடிவு செய்யும் தொழில் இது. ஆனால் 50-க்கும் 52.5-க்கும் இடையே நின்ற சண்டையில் அந்தச் சொல்லை வீசினால் அது ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் போய் ஒட்டாது. இன்னொரு இடர்ப்பாடும் இருந்தது. 47 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று நின்ற கடுமையான முதலாளிகளின் முன்னணியில் இருந்தவர் சார்லட் அணியின் கறுப்பின உரிமையாளர் என்று செய்திகள் வந்தன. முன்னாள் வீரரான அவர், 1998 கதவடைப்பின்போது லாபம் பார்க்க முடியாத முதலாளி அணியை விற்றுவிட வேண்டும் என்று வாதிட்டவர். 2010-ல் அவரே 27.5 கோடி டாலர் மதிப்பில் முதலாளி ஆகியிருந்தார். பங்குச் சண்டையில் யார் எந்தப் பக்கம் என்பதை நிறம் தீர்மானிக்கவில்லை, உரிமைப் பத்திரம் தீர்மானித்தது.

சங்கத்துக்குள்ளும் விரிசல். வீரர்களின் தலைவர் 50-50-க்கு ரகசியமாக ஒத்துக்கொண்டார் என்று வதந்தி கிளம்பியது, அவர் மறுத்தார். பெரிய முகவர்கள் செப்டம்பரிலிருந்தே கலைப்பை வற்புறுத்தினார்கள்.

இரண்டாம் முடிவு: சங்கத்தைக் கலைப்பது

ஆணையரின் கெடு இப்படி: 49-க்கும் 51-க்கும் இடைப்பட்ட பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் அடுத்த முன்மொழிவு 47-தான். கெடு சற்று நீண்டு, 72 ஆட்டப் பருவத்தோடு திருத்திய திட்டம் வந்தது. நவம்பர் 14 அன்று அணிப் பிரதிநிதிகள் அதை நிராகரித்துச் சங்கத்தைக் கலைக்க ஒருமனதாக முடிவெடுத்தார்கள். 450-ஐ ஒட்டிய வீரர்கள் எல்லோரிடமும் அந்தத் திட்டம் வாக்குக்கு விடப்படவில்லை.

கலைப்புக்கு இரண்டு முறை உண்டு. 30 சதவீத வீரர்கள் கையெழுத்திட்டுத் தொழிலுறவு வாரியத்தில் மனுப் போட்டு வாக்கெடுப்பு நடத்தலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அல்லது சங்கமே இனி உங்கள் பிரதிநிதி அல்ல என்று கைகழுவலாம், அது அன்றே நடக்கும். நேரம் தீர்ந்துவிட்டதால் இரண்டாவதைச் செய்தார்கள். மறுநாள் கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் வழக்கு. சில நாளில் மினசோட்டாவில் ஒன்றாக்கினார்கள். அதே 15-ம் தேதிதான் வராமல் போன முதல் சம்பளம். வீரர்கள் தரப்பின் புதிய முதன்மை வழக்கறிஞர், அந்த ஆண்டு கால்பந்து முதலாளிகளுக்காக வாதாடியவர்.

இந்தக் கலைப்புக்கு யாரும் பெரிதாகப் பேசாத ஒரு விலை இருந்தது. சங்கம் இல்லாத நேரத்தில் பேசப்படுவது வழக்குச் சமரசம் மட்டுமே. வயது வரம்பு, போதைப்பொருள் சோதனை, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றைச் சங்கத்தோடு மட்டுமே சட்டப்படி பேச முடியும். ஆகவே பணமும் உச்சவரம்பும் முதலில் முடியும். வீரரின் உடலையும் நடத்தையையும் ஆளும் விதிகள், சங்கம் மறுபடி உருவான பிறகு, பயிற்சி முகாம் தொடங்கும் தேதி கழுத்தைப் பிடிக்கும்போது வரும். இனம் உண்மையாகவே உட்கார்ந்திருந்த பிரிவுகள் அவைதான். 'ஆ' பட்டியல் என்று அவற்றுக்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

முடிவு

சங்கத்தின் பழைய வழக்கறிஞர் ஒருவர் தூது போக, நவம்பர் 25 பகலில் தொடங்கிய பேச்சு 15 மணி நேரம் நீண்டு 26 அதிகாலை மூன்று மணிவாக்கில் முடிந்தது. முதலாண்டு 51.2 சதவீதம், பிறகு வருமானத்தைப் பொறுத்து 49 முதல் 51 வரை. நவம்பர் 14 அன்று நிராகரித்த பங்கும் ஏறத்தாழ இதுதான். மீற முடியாத உச்சவரம்பு மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக 2013-14 முதல் படிப்படியாக ஏறும் சொகுசு வரி, அதாவது சம்பளத்துக்கு அதிகம் செலவிடும் அணி கட்டும் தொகை: வரிக்கான வரம்பைத் தாண்டும் முதல் 50 லட்சத்தில் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர், அடுத்த 50 லட்சத்துக்கு ஒன்றே முக்கால், அதற்கடுத்து இரண்டரை என்று கூடிக்கொண்டே போகும். சொந்த அணியோடு போடும் ஒப்பந்தம் ஆறிலிருந்து ஐந்து ஆண்டாகவும், புதிய அணியோடு ஐந்திலிருந்து நான்காகவும் சுருங்கியது. அணி செலவிட வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் உச்சவரம்பின் 75 சதவீதத்திலிருந்து 85-க்கும் பிறகு 90-க்கும் ஏறியது. இது வீரர்களுக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம்.

பழைய வருமானக் கணக்கிலேயே 57-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 26.7 கோடி டாலர். முதலாளிகள் சொன்ன 30 கோடி நட்டத்தை வீரர்களின் பங்கிலிருந்தே ஏறக்குறைய அடைத்துவிட்டார்கள். இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ரத்தான 16 ஆட்டங்களால் வீரர்கள் இழந்தது ஆண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, 40 கோடி டாலரை ஒட்டி. அவர்கள் கேட்ட 2.5 புள்ளி முழுதும் கிடைத்திருந்தாலும் இந்த இழப்பை ஈடுகட்ட நான்கு ஆண்டு ஆகியிருக்கும். சராசரி வீரரின் தொழில் ஆயுள் அதைவிட அதிகம் நீளாது. அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவர், தின்பண்டம் விற்பவர் ஆகியோருக்கு ஆட்டக்கணக்கில்தான் கூலி, அவர்களுக்கு ஈடுகட்ட ஒப்பந்தமே இல்லை.

டிசம்பர் 8 அன்று முதலாளிகள் 25-க்கு 5 என்றும், வாக்களித்த வீரர்களில் 86 சதவீதத்தினரும் ஒப்பினார்கள். வயது வரம்பு அப்படியே நின்றது. ஆராய ஒரு கூட்டுக் குழு என்று எழுதி முடித்தார்கள். பந்தி எழுந்த பிறகு இலை போட்டது போலத்தான்.

அதே நாள் மாலை, அப்போது லீக்கின் சொந்தக் கையிலிருந்த நியூ ஆர்லியன்ஸ் அணி தன் முதன்மை வீரரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பச் செய்த ஏற்பாட்டை ஆணையர் தடுத்தார். 161 நாள் பேரத்தில் அவருடைய அதிகாரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைக்காது.

பின்தொடர்ந்தவை

விரிசல் சங்கத்தை விடவில்லை. 2012-ல் வீரர்களின் தலைவர் தணிக்கை கேட்டார். வெளிச் சட்ட நிறுவனத்தின் அறிக்கை, நிர்வாக இயக்குநர் தன் உறவினர்களுக்கு வேலை தந்ததை விமர்சித்தது. 2013 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டார். 2014-ல் அந்தப் பதவிக்கு வந்த கறுப்பினப் பெண் வழக்கறிஞர் உச்சவரம்பையும் வயது வரம்பையும் அடிப்படையிலேயே கேள்வி கேட்டார். வீரர்கள் இல்லாவிட்டால் பணமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2014 ஏப்ரலில் கிளிப்பர்ஸ் உரிமையாளரின் இனவெறிப் பேச்சு ஒலிப்பதிவாக வெளியானது. அவருடைய வீரர்கள் அணிப் பெயர் தெரியாதபடி பயிற்சிச் சட்டையைத் திருப்பிப் போட்டார்கள். பிளேஆஃப் ஆட்டங்களைப் புறக்கணிக்கும் பேச்சு பல அணிகளில் எழுந்தது. நான்கே நாளில் புதிய ஆணையர் அவருக்கு ஆயுள்தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். 1981-ல் 1.25 கோடிக்கு வாங்கிய அணி 200 கோடி டாலருக்கு விற்றது. அரசு தொடுத்த வழக்கால் 2009-ல் நகராத லீக், ஆட்டம் நிற்கும் என்றதும் நகர்ந்தது. தண்டனையோடு அவர் அள்ளிச் சென்ற லாபத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் 2400 கோடி டாலர் மதிப்பிலான ஒன்பதாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2016-17-ல் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. 2016 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் கதவடைப்பின்றி முடிந்தது.

எதை மாற்ற வேண்டும்

சங்கத்தின் தரப்பிலிருந்து பார்த்தால் முதல் மாற்றம் வரிசையில். வயது, ஒழுங்கு, உடை, சோதனை விதிகளைப் பணத்தோடு ஒரே மேசையில், ஒரு புள்ளிக்கு ஒரு விதி என்று கட்டிப் பேச வேண்டும். 3.8 கோடி டாலர் பெறும் ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கும்போது பதிலுக்கு என்ன விதி மாறுகிறது என்று தாளில் இருக்க வேண்டும். 2011-ல் ஏழு புள்ளி கொடுத்தார்கள், இந்த வகையில் எதுவும் மாறவில்லை.

கலைப்பு என்ற ஆயுதத்தை எடுப்பதானால் ஜூலையிலேயே எடுக்க வேண்டும், அல்லது எடுக்கவே கூடாது. தடையுத்தரவு கிடைக்காது என்று ஜூலை 8 அன்றே தெரிந்துவிட்டது. மிஞ்சியது மும்மடங்கு நட்டஈட்டு அச்சம் மட்டும். அது வளர மாதங்கள் வேண்டும். சம்பளநாளுக்கு முந்தைய நாள் கலைத்தால் அந்த அச்சத்துக்கு வளர நேரமில்லை. கலைப்புக்கு முன்பே, 'ஆ' பட்டியல் விதிகளில் எவை மாறாமல் எந்தச் சமரசத்துக்கும் கையெழுத்தில்லை என்று அணிப் பிரதிநிதிகள் எழுத்தில் தீர்மானித்திருக்கலாம்.

இனக் குற்றச்சாட்டைப் பொதுவில் வைப்பதானால் அதற்கு ஒரு பிரிவு எண் இருக்க வேண்டும். 19 வயது விதி எந்த ஆட்டத்தில் இருக்கிறது, எதில் இல்லை. வீரரின் சங்கிலிக்கு விதி எழுதிய லீக், வீட்டு வாடகைப் பாகுபாட்டு வழக்கில் 27.25 லட்சம் கட்டியவருக்கு என்ன செய்தது: 2011-லேயே இரண்டும் கையில் இருந்த ஆதாரங்கள். இரண்டையும் பேரத்தில் பயன்படுத்தவில்லை. பேசுபவரும் சங்கத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரராக இருக்க வேண்டும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞராக அல்ல.

இறுதி முன்மொழிவை எல்லா வீரர்களின் ரகசிய வாக்குக்கு விடுவது கட்டாயமாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கும் நட்சத்திரத்துக்கும் நவம்பர் 15 ஒரே நாளல்ல.

வயது வரம்பு 2017 ஒப்பந்தத்திலும் 2023 ஒப்பந்தத்திலும் 19-லேயே நிற்கிறது. 2023-ல் கஞ்சா, தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது. கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை முதல் வழி பிறந்தது. அது மாநிலச் சட்டங்களும் நீதிமன்றங்களும் கொடுத்த அழுத்தத்தால் கல்லூரிகள் பக்கம் நடந்த மாற்றம், என்.பி.ஏ. பேரமேசை அதில் எதையும் தரவில்லை.